படத்தின் ஓரத்தில் ஒரு விரல்

திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் என் அக்கா கணவர் கிரிதர் பல் மருத்துவமனை வைத்திருக்கிறார். 1996 முதல் அங்கே வேலை பார்ப்பவர் தேவயானி. திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பு வெட்டும் குடும்பம். பத்தாவது தேறியதும் பஸ் ஏறி வேலைக்கு வந்தவர். வாயில் எதை வைத்தாலும் குமட்டுகிறவர்களிடம், "ஒரு காலைத் தூக்கிகினு மூக்கால மூச்சு வுடுங்க" என்பார். கவனம் காலுக்குப் போனதும் குமட்டல் நின்றுவிடும்.

எக்ஸ்ரேவுக்கு ஃபிலிம் இருந்த காலத்தில் நோயாளியே அதை வாய்க்குள் கட்டைவிரலால் அழுத்திக்கொள்வார். டாக்டரும் தேவயானியும் கதிர் படாதபடி சுவருக்கு வெளியே போய்ப் பட்டனை அழுத்துவார்கள்.

2005-ல் வெளிநாட்டிலிருந்து நான் கிரிதருக்கு, ஃபிலிமுக்குப் பதில் வாயில் வைக்கும் ஒரு டிஜிட்டல் சென்சார் கொண்டுவந்தேன். தீப்பெட்டியைவிடச் சின்னது, வால் மாதிரி ஒரு வயர். எடுத்த படம் உடனே கம்ப்யூட்டரில் தெரியும். தேவயானி கேட்டார்: "சார், இதுக்கும் வெளியே போய் நிக்கணுமா?"

விமானத்தில் விளம்பரத் தாளைப் படித்த பெருமையில், "இது டிஜிட்டல்மா, கேமரா மாதிரி. ஒண்ணும் பண்ணாது" என்றேன். கதிர்வீச்சு குறைவு என்றுதான் அந்தத் தாளில் இருந்தது. நான் வாழும் ஊரில் டிஜிட்டல் படம் எடுக்கும் பெண்ணும் ஒவ்வொரு முறையும் கதவுக்கு வெளியே போய்விடுவாள். அதை எத்தனையோ முறை பார்த்தவன் நான்.

மூன்று வருஷம் கழித்து, கடைவாய்ப்பல் வலியோடு அதே நாற்காலியில் சாய்ந்தேன். உட்கார்ந்ததுமே கிரிதரிடம், "பாவா, அந்த ஈய அங்கி எங்கே? எனக்குப் போடுங்க" என்றேன்.

"யாருமே கேக்கறதில்ல, இவனுக்கு மட்டும் உசிரு வெல்லம்" என்று கிரிதர் சிரித்தார். கதிரைத் தடுக்கும் அந்தக் கனத்த அங்கியைப் பீரோ மேலிருந்து இறக்கி, தூசு தட்டிப் போர்த்தினார்கள். தேவயானி சென்சாரை என் வாயில் வைத்து, அதன் ஓரத்தை விரலால் பிடித்தபடி அங்கேயே நின்றார். என்னால் பேச முடியவில்லை. மெஷின் கீச்சென்றது.

திரையில் என் பல். அதன் ஓரத்தில் ஒரு விரல் எலும்பு.

"அது நான்தான் சார்" என்றார் தேவயானி. "பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டைன்னு வர்றவங்க எல்லார் படத்துலயும் வந்துகினு இருக்கேன். சினிமாக்காரிகூட இவ்ளோ படம் பண்ணியிருக்க மாட்டா."

"நீங்க ஏன் பிடிக்கறீங்க?"

"ஜனங்க வயரைக் கடிச்சிடறாங்க. விலை ஒசந்த பொருளாச்சே. டிஜிட்டல்னா ஒண்ணும் பண்ணாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

அங்கி என் மார்பின் மேல் கிடந்தது. அதை விலக்கிவிட்டு எழுந்து உட்கார்ந்தேன்.

"தப்பா சொல்லிட்டேம்மா. இதுலயும் அதே கதிர்தான், அளவுதான் கம்மி. எப்பவோ ஒருதரம் எடுத்துக்கறவங்களுக்குப் பயமில்ல. நீங்க தினமும் விரலைக் கொடுக்கறீங்க. கூடவே கூடாது."

கிரிதர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்குத் தெரியாத விஷயம் இல்லை. தேவயானி கையுறையைக் கழற்றி விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்போ உங்க ஊர்ல யாரு புடிப்பாங்க?"

"யாரும் இல்ல. நோயாளி கடிச்சுக்கற மாதிரி ஒரு பிளாஸ்டிக் பிடிப்பு இருக்கு. சென்சாரை அதுல மாட்டிடுவாங்க."

"அது இந்தப் பொட்டியோட வரலையா சார்?"

வந்திருந்தது. அந்த வருஷம் கிளம்பும்போது பெட்டி எடை கூடிவிட்டது. விளையாட்டுச் சாமான் போல இருக்கிறதே என்று பிடிப்புகளை எடுத்து அலமாரியில் போட்டுவிட்டு, சாக்லேட்டை விட்டுவைத்தேன். அதில் ஒரு பாக்கெட்டை தேவயானியின் மகளுக்கும் கொடுத்தேன்.

"வரலை" என்றேன்.

மறுநாளிலிருந்து அவர் சுவருக்கு வெளியே நின்றார். ஊர் திரும்பியதும் அலமாரியைத் திறந்து, அந்தப் பிடிப்புகளைக் கூரியரில் அனுப்பினேன். கிடைத்த அன்றே தேவயானி போன் செய்தார்.

"நல்லா மாட்டுது சார். எனக்கோசரம் தேடி வாங்கி அனுப்பிச்சீங்களே. அப்படி யாரு செய்வாங்க?"

"விரல் எப்படி இருக்கு?"

"ஆங், நல்லாத்தான் கீது. நீங்க மட்டும் சொல்லலைன்னா இன்னும் புடிச்சிகினேதான் இருந்திருப்பேன்."

நான் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். "சரிம்மா, ஜாக்கிரதை" என்று சொல்லி வைத்துவிட்டேன்.