செய்யூர் உப்பளத்தில் நட்ட குச்சி

செங்கல்பட்டிலிருந்து பஸ் காலை ஆறரைக்குக் கிளம்பியது. மே மாத வெயிலில் உப்பளத்துக்குப் பறவை பார்க்கப் போகிறேன் என்றதும் திண்டுக்கல்லில் அம்மா, "கிறுக்குப் பிடிச்சிருச்சா?" என்று கேட்டிருந்தாள். கல்லூரி மாணவர்களுக்கான கோடைக் களப்பயிற்சி. விலங்கியல் படிக்கிற எனக்கு இதை விட்டால் வேறு வாய்ப்பு ஏது? படாளம், மதுராந்தகம் தாண்டி, கடலைக் கொல்லையும் சவுக்குத் தோப்புமாக இரண்டு மணி நேரத்தில் செய்யூர். அங்கிருந்து உப்பளத்துக்கு ஷேர் ஆட்டோ, முப்பது ரூபாய்.

"இன்னாத்த பாக்கப் போறீங்க? அங்க உப்புதான் கீது" என்றார் ஓட்டுநர்.

"பறவைங்கண்ணே."

"இந்த வெயில்லயா? சரியாப் போச்சி போ!"

அவர் சொன்னதில் தப்பில்லை. எட்டரைக்கே கண் கூசியது.

என்னோடு ஜோடி சேர்த்துவிட்டவள் ரெஹானா. செங்கல்பட்டுக்காரி. அவள் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, அங்கே செருப்புக்கடை. பறவை என்று நான் வந்தாலும், ஆய்வுக்கு எனக்குக் கொடுத்தது நண்டு, அவளுக்கு உப்புக்கொத்தி. தரையில் குடுகுடுவென்று ஓடுகிற சின்னப் பறவை அது. ஒரு கூட்டிலாவது குஞ்சு பொரிக்கும்வரை பார்த்து எழுதினால் எம்.எஸ்ஸி.க்குப் பரிந்துரைப்பதாகப் பேராசிரியர் சொல்லியிருந்தார். அத்தாவும் அந்தக் கடிதத்தைத்தான் கேட்டிருந்தார். அது இல்லையென்றால் படிப்பு போதும், கடைக்கு வந்து உட்கார வேண்டியதுதான்.

கூடு என்று பெயர்தானே தவிர, காய்ந்த சேற்றில் ஒரு சின்னக் குழி, அவ்வளவுதான். முட்டையும் சேற்று நிறம். பக்கத்தில் நின்றாலும் தெரியாது. அதனால் கண்டுபிடித்த ஒவ்வொரு கூட்டுக்கும் அருகே, சிவப்புத் துணி கட்டிய மூங்கில் குச்சி ஒன்றை ரெஹானா நட்டு வைத்தாள். எல்லாக் குழுவும் அப்படித்தான் செய்தது.

மூன்றாம் நாள் காலை முதல் கூடு காலி. அடுத்ததும் காலி. அதற்கடுத்ததில் ஓட்டுத் துண்டுகள். ரெஹானாவுக்கு முகம் செத்துப்போனது. மிச்சமிருந்த ஒரே கூட்டைக் காவல் காக்க வரப்புக்குப் பின்னால் உட்கார்ந்தோம்.

ஒரு காகம் வந்தது. நேராகக் குச்சியின் மேல் உட்கார்ந்தது. கீழே எட்டிப் பார்த்தது.

"அடக் கடவுளே! குச்சியப் பாத்துகினு வருதுடி!" என்று கத்திக்கொண்டே ரெஹானா ஓடினாள். நானும் கையை வீசிக்கொண்டு ஓடினேன். முட்டைகள் தப்பின.

அவள் குச்சியில் கை வைத்தாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பிடுங்குனா நாளைக்கு எப்படிடி கண்டுபிடிப்ப? இது உன் படிப்புடி!"

"தெரியும். குச்சி இல்லாம தேடி வந்தா முட்டைய மெதிச்சிருவோம். இனிமே வரவும் முடியாது" என்றாள். "காக்காவுக்கு நாமளே வழி காட்டிட்டோம், செல்வி." பிடுங்கிவிட்டாள்.

சாயங்காலம் பேராசிரியர் முழுவதையும் கேட்டார். கேட்டதும் எல்லாக் குழுவின் குச்சிகளையும் எடுக்கச் சொன்னார். பிறகு ரெஹானாவிடம், "நீ செஞ்சது சரிதாம்மா. ஆனா ஒரு கூட்டையும் குஞ்சு பொரிக்கிறவரைக்கும் பாக்காம நான் என்னன்னு எழுதிக் குடுக்க?" என்றார். அவரையும் குறை சொல்ல முடியவில்லை.

கிளம்புகிற நாளன்று வரப்பில் கடைசியாக ஒரு நடை போனோம். திடீரென்று ஓர் உப்புக்கொத்தி எங்கள் முன்னால் ஓடியது. ஒரு சிறகு தரையில் இழுபட்டது. விழுந்து, புரண்டு, மறுபடி ஓடியது.

"ஐயோ, சிறகு ஒடிஞ்சிருக்குடி!"

ரெஹானா என் கையை இறுக்கிப் பிடித்தாள். "நடிக்குதுடி. கிட்டக்கவே முட்டையோ குஞ்சோ கீது. நம்மள அந்தாண்ட இஸ்துகினு போவுது."

"அப்போ ஒரு எட்டு பாத்திருவோம். சார்கிட்ட சொல்லலாம்ல?"

அவள் தரையையே பார்த்தாள். ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை. வந்த கால்தடத்திலேயே திரும்பினோம். பறவை நல்ல சிறகோடு எழுந்து பறந்தது.

மதுராந்தகம் தாண்டும்போது அவள் அத்தா போன் செய்தார். பஸ் இரைச்சலில் ஸ்பீக்கரில் போட்டாள்.

"இன்னாம்மா, சார் எழுதிக் குடுத்தாரா?"

"இல்ல அத்தா."

"அப்ப ஒரு கூடுகூட நிக்கலியா?"

"ஒண்ணு கீது அத்தா" என்றாள். "நான் பாக்கல. ஆனா கீது."