பச்சை விளக்கை ஒட்டிய கண்

ஒருவரை அறையில் அடைத்து வைத்திருப்பது யார் என்று அவருக்கே தெரியாமல் இருக்க முடியுமா?

ரோபோ செய்யப் பழகுகிறவர்களுக்குச் சின்ன வண்டிகள் செய்து விற்கும் நிறுவனம். அங்கே வேலை செய்யும் பெண் ஒருவர்; பழுது என்று திரும்பி வருபவற்றைப் பார்ப்பது அவர் வேலை. வெளிச்சத்தை உணரும் கருவியை வெயிலில் சோதித்தால் அளவு நிலையாக நிற்காது. அதனால் கீழ்த்தள அறையின் ஜன்னல்களில் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தார்கள். ஒரே டியூப்லைட். காலையில் அவர் உள்ளே போனதும், பேக்கிங் பார்க்கும் அண்ணன் வெளியிலிருந்து கதவை இழுத்துச் சாத்துவார். மழையா வெயிலா என்பது சாப்பாட்டு நேரத்தில்தான் தெரியும். "வௌவால் அக்கா" என்று பெயர் விழுந்தது. அவர் குடியிருந்தது கூடப்பிறந்த அண்ணன் வீட்டில். அங்கே கிடைத்த அறைக்கும் ஜன்னல் இல்லை.

"வெயிலே படாம கலர் கூடிட்டே போகுது. கொடுத்து வச்சவ நீ" என்பாள் அண்ணி.

மாடியில் ஜன்னலோர மேசை ஒன்று காலியாகக் கிடந்தது. கேட்டுக் கேட்டு அலுத்தார். கடைசியில் மேலாளர் சொன்னார்: "அந்தச் சுத்துற வண்டிக்கு ஒரு வழி பண்ணுங்க. மேசை உங்களுக்குத்தான்."

வண்டிக்கு முன்னால் இரண்டு கண்கள். எந்தக் கண்ணில் வெளிச்சம் அதிகமோ அந்தப் பக்கம் அது திரும்ப வேண்டும். வாங்கியவர்கள் வீட்டில் விளக்கை அணைத்து டார்ச் காட்டினால், அதைச் சட்டை செய்யாமல் நின்ற இடத்திலேயே வட்டமடித்தது. மாடியில் ஓட்டிப் பார்த்தவர்கள், "இங்க நல்லாத்தானே ஓடுது" என்று கீழே தள்ளிவிட்டார்கள்.

அவர் முறைப்படி பேட்டரியைக் கழற்றிவிட்டு, கண்ணின் இரு கால்களில் மீட்டரை வைத்தார். உள்ளங்கையால் மூடினால் மின்தடை ஏறியது, எடுத்தால் இறங்கியது. இரண்டு கண்களும் ஒன்றுபோல. கம்பிகளை மாற்றினார், புதுக் கண்கள் வைத்தார். வாரங்கள் போயின. முறையில் குறையே இல்லை, தொல்லை அதுதான்.

ஒருநாள் பிற்பகல், பேட்டரி போட்ட வண்டி மேசையில் இருந்தபோது மின்சாரம் போனது. அறை மொத்தமாக இருண்டது. வண்டி சுற்றத் தொடங்கியது. வெளிச்சமே இல்லாத இடத்தில் எதைத் துரத்துகிறது? குனிந்து பார்த்தார். இடது கண்ணை ஒட்டி, பேட்டரி ஓடுவதைக் காட்டும் சின்னப் பச்சை விளக்கு; அறை வெளிச்சத்தில் அமுங்கிக் கிடந்தது, இருட்டில் கண்ணில் அடித்தது. வண்டியைத் தூக்கி, கட்டைவிரலால் விளக்கை மறைத்தார். சக்கரங்கள் நின்றன. இத்தனை நாளும் பேட்டரியோடு சேர்த்துக் குற்றவாளியையும் அணைத்துவிட்டுத்தான் தேடியிருக்கிறார்.

கறுப்பு டேப்பில் ஒரு தடுப்பு ஒட்டி, வண்டியைத் தரையில் விட்டார். பேக்கிங் அண்ணன் போன் வெளிச்சத்தோடு எட்டிப் பார்த்தார். வண்டி நேரே அவர் காலடிக்கு ஓடியது.

"என்னம்மா, ஏவி விடுறியா?"

"உங்களத்தாண்ணே இவ்வளவு நாளா தேடிட்டிருந்துச்சு."

மேலாளர் சொன்ன சொல்லை மாற்றவில்லை. திங்கட்கிழமை வௌவால் அக்கா ஜன்னலோர மேசையில் உட்கார்ந்தார். மேசை முழுக்க வெயில். எதிர்க் கட்டடத்தில் யாரோ துணி உலர்த்தினார்கள். டீ ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பையை எடுத்துக்கொண்டு பழைய கீழ்த்தள அறைக்குப் படியிறங்கினார்.

"என்னம்மா ஆச்சு?" என்றார் பேக்கிங் அண்ணன். பிற்பாடு மேலாளரும் கேட்டார், வீட்டில் அண்ணியும் கேட்டாள்.

அன்று பேக்கிங் அண்ணன் வழக்கம்போலக் கதவருகே வந்தார். அதற்குள் அக்காவே உள்ளிருந்து சாத்திக்கொண்டார்.