நாலு கிட்டாரைக் கொடுத்து ஒன்று வாங்கப் போனேன்

1. கை ஆடுறது தெரியுது

"தம்பி, குறை நினைக்காதேங்கோ. பாட்டுக் கேக்குது. மேளம் கேக்குது. உங்கட கை ஆடுறதும் நல்லாத் தெரியுது. கிட்டார் மட்டும் கேக்கேல்லை."

முருங்கனில் ஒரு கலியாண வீட்டில், மாப்பிள்ளையின் பெரியப்பா மேடைக்கு ஏறி வந்து என் காதுக்குள் இப்படிச் சொன்னார். சொல்லிவிட்டு நான் சாப்பிட்டேனா என்றும் கேட்டார். நல்ல மனிதர்.

அவர் சொன்னது உண்மை. என் கிட்டாருக்கு முன்னால் மைக்கை வைத்தால் ஸ்பீக்கர் ஊளையிடும். தள்ளி வைத்தால் ஒன்றும் கேட்காது. இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது என்று சவுண்ட்காரர் சொல்வார். அந்த இடத்தை இதுவரை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

அப்போது மன்னார்ப் பக்கம் சனம் முகாம்களிலிருந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்த காலம். ஒரு வீட்டுக்குக் கூரைத் தகரம் வந்து சேர்ந்தால், பின்னாலேயே கலியாணமும் வந்து சேரும். வருடக்கணக்காக ஒத்திவைத்த கலியாணங்கள். அதனால் எங்கள் குழுவுக்கு வேலை இருந்தது. குழு என்றால் நாலு பேர். நான் கிட்டார். என் மனைவி ரீற்றா பாடுவாள். பெரியமடுவில் வயல் செய்யும் செல்வம் டோலக்கும் அடிப்பார், பாடவும் செய்வார். பேசாலையில் கடலுக்குப் போகும் அல்போன்ஸ் அண்ணர் பாட்டு மட்டும். அவருடைய குரல் மிகவும் கீழே நிற்கும். "அண்ணர் பாடினால் கதிரை அதிருது" என்று செல்வம் சொல்வார். நான் கதிரையில் கைவைத்துப் பார்த்திருக்கிறேன். அதிரத்தான் செய்தது.

பெரியப்பா சொன்ன கிழமையிலேயே அல்போன்ஸ் அண்ணர் பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தார். அவருடைய தங்கச்சியின் மகளுக்குக் கலியாணம் பொருந்தியிருந்தது. அந்தப் பிள்ளையின் தகப்பன் சண்டையின் கடைசி வருடத்தில் இல்லாமல் போனவர். அவர்கள் குடும்பத்தில் பெண்ணை மாப்பிள்ளை வீட்டாரிடம் கொடுத்து அனுப்பும்போது தகப்பன் ஒரு பாட்டுப் பாடுவது வழக்கம். தகப்பன் இல்லாத இடத்தில் தாய்மாமன். அல்போன்ஸ் அண்ணர்தான் பாடவேண்டும்.

"ஆனா தம்பி, செலவெல்லாம் கனடாவிலை இருக்கிற அவளின்ர தமையன்காரன். அவன் போனிலை சொல்லிப்போட்டான். பிளக் குத்துற கிட்டார் இல்லாட்டி வவுனியாப் பாட்டுச் செற்றைப் பிடிக்கச் சொல்லி."

"வவுனியாச் செற் வந்தால் நீங்கள் பாடேலாதோ?"

"அவங்கள் வெளி ஆக்களைப் பாட விடமாட்டாங்கள். மாமன் எண்டாலும் வெளி ஆள்தான்."

தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். பிறகு, "பாத்துச் செய்யும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

2. நாலும் வந்த விதம்

என்னிடம் நாலு கிட்டார் இருந்தன. ஒன்றையாவது நான் கடையில் பார்த்துத் தெரிந்தெடுத்தது கிடையாது. எல்லாம் தாங்களாக வந்தவை.

நீலக் கிட்டார், முகாமில் பிள்ளைகளுக்குச் சந்தோசம் வரவேண்டும் என்று ஒரு தொண்டு நிறுவனம் கொடுத்தது. வாசிக்கப் பழக்குபவர் அடுத்த கிழமை வருவார் என்றார்கள். அடுத்த கிழமை நிறுவனமே போய்விட்டது. அந்தக் கிட்டாரில் தந்தி முறுக்கும் ஆணிகளில் ஒன்று இறுகிப்போய்த் திரும்பாது. அந்தத் தந்தி நின்ற உயரத்துக்கு மற்ற ஐந்தையும் ஏற்றிவிட்டேன். சுருதி கொஞ்சம் மேலே நின்றது. ரீற்றாவின் குரலுக்குச் சரியாக இருந்தது.

இரண்டாவது, எங்கள் சந்தியில் காவல் நின்ற ஒரு சிப்பாய் மாற்றலாகிப் போகும்போது தந்தது. "கெதர யனவா" என்று சிரித்தார். வீட்டுக்குப் போகிறாராம். கிட்டாரைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏற ஏலாது என்று கையால் காட்டினார். அதன் சுருதி செல்வத்தின் குரலுக்குப் பொருந்தியது. மூன்றாவது பங்குச் சுவாமியார் விட்டுப்போனது. எல்லோரும் சேர்ந்து பாடும்போது அதை எடுப்பேன்.

நாலாவதைப் பற்றித்தான் கொஞ்சம் சொல்லவேண்டும். இடம்பெயரும்போது வீட்டில் விட்டுப்போன, ஐயாவிடமிருந்து வந்த என் சொந்தக் கிட்டார் அது. திரும்பி வந்தபோது வீடு இல்லை. கிட்டார் மட்டும் கழுத்து முறிந்து கிணற்றடியில் கிடந்தது. நிவாரணத்தில் வந்த வள்ளம் ஒன்றைப் பழுதுபார்த்து மிஞ்சிய பைபர் நாரையும் பசையையும் வைத்து அல்போன்ஸ் அண்ணர்தான் அதை ஒட்டினார். வள்ளத்துக்கு ஒட்டுகிற மாதிரியே மூன்று சுற்று ஒட்டினார்.

"இனி இது கடலிலை விழுந்தாலும் மிதக்கும்" என்றார்.

மிதக்கும்தான். ஆனால் தந்தியை இறுக்கினால் கழுத்து முன்னால் வளைந்தது. ஆகவே தடித்த தந்தி போட்டு, நன்றாக இளக்கி, கீழ்ச் சுருதியில் விட்டேன். அண்ணரின் குரல் அங்கேதான் இருந்தது.

மேடையில் நாலையும் வரிசையாகக் கதிரைகளில் சாய்த்து வைப்பேன். பாடுபவர் மாற, நானும் கிட்டாரை மாற்றுவேன். சனம் அதைப் பெரிய வித்தை என்று நினைத்தது. "மாஸ்டர் ஒரு ஆளுக்கு ஒரு கிட்டார் வாசிப்பார்" என்று அறிவிப்பாளர்கள் சொல்வார்கள். நான் மறுத்ததில்லை. கொஞ்சக் காலத்தில் நானும் அப்படித்தான் நினைக்கத் தொடங்கினேன்.

3. கடை

மன்னார் டவுனில் ஒரு முஸ்லிம் பெரியவரின் கடை. நானா என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிடுவோம். புத்தளத்தில் நெடுங்காலம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். சைக்கிள், றேடியோ, மணிக்கூடு எல்லாம் திருத்துவார். பழைய வாத்தியங்களும் வாங்கி விற்பார். அவருடைய கடையில் ஒரு கிட்டார் தொங்குவதைப் போன மாதமே பார்த்திருந்தேன். தேன் நிறம். பக்கத்தில் பிளக் குத்தும் துவாரம்.

நாலு கிட்டாரையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கொண்டக்டர் மேலும் கீழும் பார்த்தார்.

"ஐஞ்சு டிக்கெட்டோ அண்ணை?"

"இவை மடியிலை இருப்பினம்" என்றேன்.

நானா நாலையும் மேசையில் படுக்கவைத்து, டாக்டர் மாதிரி ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். பைபர் போட்டதை மட்டும் இரண்டு தரம் தட்டினார்.

"மாஸ்டர், இது கிட்டாரோ வள்ளமோ?"

"ரெண்டும்தான் நானா."

"சரி. நாலையும் வையுங்கோ. அதைக் கொண்டு போங்கோ. ஒரு கிழமை வாசிச்சுப் பாருங்கோ. மனசுக்குப் பிடிச்சால் அது உங்கட, இது என்ர. பிடிக்காட்டி அது என்ர, இது உங்கட. இதைவிடச் சுகமான வியாபாரம் மன்னாரிலை இல்லை."

எனக்கும் இல்லை என்றுதான் பட்டது. நாலு நொண்டியைக் கொடுத்து ஓடுகிற ஒன்றை வாங்குகிறேன். வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் அதன் உறையைத் திறந்து திறந்து பார்த்தேன்.

4. ஒத்திகை

செல்வம் வந்தார், அண்ணர் வந்தார். பக்கத்து வீட்டில் ஒரு சிறிய ஸ்பீக்கர் அம்ப் இரவல் வாங்கிப் பிளக்கைக் குத்தினேன். ஒருதரம் தடவினேன். தகரக் கூரை முழுக்கச் சத்தம் நிறைந்தது. ரீற்றா குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "இப்பதான் கேக்குது, நீங்கள் இவ்வளவு காலமும் என்ன செய்தனீங்கள் எண்டு" என்றாள்.

செல்வம் பாடினார். பொன் மாதிரி இருந்தது. அடுத்தது அண்ணரின் பாட்டு. நான் தொடங்கினேன். அவர் வாயைத் திறந்தார், கழுத்து நரம்பு தெறித்தது, இருமினார்.

"தம்பி, கொஞ்சம் மேலை போட்டீர் போல."

"இல்லையே. எப்பவும் விரல் வைச்சுப் பிடிக்கிற அதே கோட்தான்."

திரும்பவும் தொடங்கினேன். திரும்பவும் இருமினார். மூன்றாம் தரம் அவர் இருமவில்லை, தண்ணீர் குடித்தார். கிட்டாரில் ஏதோ பிழை என்று எனக்குத் தோன்றியது. துவாரத்துக்குள் எட்டியும் பார்த்தேன்.

தந்திகளை இளக்கினேன். அவை மெல்லிய தந்திகள். அண்ணரின் சுருதிக்கு இறங்கியதும் கொடியில் காயும் சாரம் மாதிரித் தொய்ந்து, கட்டையில் அடித்துச் சிலம்பின. சரி, ரீற்றாவின் பாட்டைப் பார்ப்போம் என்று மேலே ஏற்றினேன். ஒரு தந்தி அறுந்து செல்வத்தின் டோலக்கில் விழுந்தது. டோலக் ஒரு சத்தம் போட்டது. செல்வத்தின் பாட்டுக்குப் பிறகு ஒத்திகையில் சுருதி சேர்ந்த சத்தம் அன்றைக்கு அது ஒன்றுதான்.

ரீற்றா வாசற்படியில் நின்று யோசித்துக்கொண்டு கேட்டாள்.

"இஞ்சருங்கோ, நீங்கள் எனக்கு வாசிக்கேக்கை விரலை எப்பிடி வைப்பீங்கள்?"

வைத்துக் காட்டினேன்.

"செல்வத்துக்கு?"

வைத்துக் காட்டினேன்.

"அண்ணருக்கு?"

வைத்தேன். நாலு பேரும் என் விரல்களைப் பார்த்தோம். மூன்று தரமும் ஒரே இடத்தில்தான் நின்றன.

"அப்ப நீங்கள் மாத்தினது பாட்டை இல்லை, பெட்டியை" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கறிக்கு உப்புப் போட்டாச்சோ என்று கேட்கும் குரலில் சொன்னாள்.

தானாகப் பழகியவனுக்கு வரும் வினை இது. எனக்குத் தெரிந்தது மூன்றே கோட். ஒவ்வொரு கிட்டாரும் அதனதன் குறையால் ஒவ்வொரு சுருதியில் நின்றது. அந்தந்தச் சுருதிக்குக் குரல் பொருந்தியவர்கள் என் குழுவில் நின்றார்கள். நான் அதை என் திறமை என்று எண்ணிக்கொண்டு பத்துப் பதினைந்து கலியாணம் முடித்திருந்தேன். வேறு கோட் பிடித்தால் ஒரே கிட்டாரில் எல்லோருக்கும் வாசிக்கலாம். பிடிக்கத் தெரிந்தவன் பிடிப்பான். கலியாணம் சனிக்கிழமை.

அல்போன்ஸ் அண்ணர் எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார்.

"அது நல்ல கிட்டார் தம்பி. விட்டிடாதையும். மருமகளுக்கு நான் வீட்டிலை வைச்சுப் பாடி விடுறன். அவளுக்குக் கேட்டால் காணும்தானே."

"அப்ப மேடையிலை?"

"செல்வம் பாடட்டும். அவனும் மாமன் முறைதான், ஏதோ ஒரு வழியிலை."

பேசாலைக் கத்தோலிக்கப் பெண்ணுக்குப் பெரியமடுச் சைவக்காரர் எந்த வழியில் மாமன் என்று செல்வம் யோசித்துப் பார்த்தார். வழி கிடைக்கவில்லை. "அண்ணை, நான் பாடமாட்டன்" என்றார்.

5. போர்டு

அடுத்த நாள் காலையில் கடைக்குப் போனேன். சந்தி திரும்பும்போதே என் பைபர்க் கிட்டாரைக் கண்டேன். கடை வாசலில் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் வயிற்றில் சிவப்புப் பெயின்றால் கடையின் பெயரும், கீழே "றேடியோ, மணிக்கூடு திருத்தப்படும்" என்றும் எழுதியிருந்தது.

"நானா, இது என்ன?"

"மற்ற மூண்டையும் ஆரும் வாங்குவினம். இதை ஒருத்தரும் வாங்கமாட்டினம். அதுதான் போர்டாக்கினன். வெயிலுக்கும் மழைக்கும் நிக்கும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

"வள்ளம் எண்டுதான் சொன்னனான். ஒரு கிழமை இன்னும் முடியேல்லையே."

"முடியேல்லைதான். நான் விக்கேல்லை. தூக்கினது மட்டும்தானே."

எனக்கு அது வேண்டும் என்றேன். அவர் என்னை உள்ளே கூப்பிட்டுக் கதிரை போட்டு இருத்தினார். முதலில் இருந்து சொல்லச் சொன்னார். பெரியப்பா, கனடாத் தமையன், மாமன் பாட்டு, மூன்று கோட், எல்லாவற்றையும் சொன்னேன். கோட் விசயத்தில் மட்டும் அவர் ஒருதரம் இருமினார். சிரிப்பை அப்படித்தான் மறைப்பார்.

"அப்ப உங்களுக்கு வேண்டியது, கிட்டார்ச் சத்தம் வெளியிலை கேக்கவேணும். அவ்வளவுதானே?"

"ஓம்."

அவர் லாச்சியைத் திறந்து, பழுதான, எலாம் அடிக்கும் மணிக்கூடு ஒன்றைப் பிரித்தார். உள்ளே இருந்து நாணயக் குத்தியளவு பித்தளைத் தகடு ஒன்றை எடுத்தார். மணிக்கூட்டில் கீ கீ என்று கத்துவது அதுதான். அதற்கு வயர் ஒட்டி, பிளக் துவாரம் ஒன்று பொருத்தி, தகட்டைப் பைபர்க் கிட்டாருக்கு உள்ளே பசை போட்டு ஒட்டினார். றேடியோ ஒன்றில் குத்திவிட்டு என்னைத் தட்டச் சொன்னார். தட்டினேன். றேடியோ பேசியது.

இன்னொருதரமும் தட்டிப் பார்த்தேன்.

"நானா, இதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே."

"நீங்கள் அண்டைக்கு வந்து கேட்டது நல்ல கிட்டார். நான் நல்ல கிட்டாரைக் காட்டினன். என்னத்துக்கு எண்டு நீங்கள் சொல்லேல்லை."

பிறகு வியாபாரம் பேசினோம். மற்ற மூன்றும் அவருக்கு, தேன்நிறக் கிட்டார் எனக்கு. கழுத்தில் பூட்டும் கிளிப் ஒன்றையும் கூடத் தந்தார். அதைப் பூட்டினால் சுருதி மேலே ஏறும், விரல் இருந்த இடத்திலேயே இருக்கலாம். ரீற்றாவின் பாட்டுக்கு அது போதும். கீழே இறக்குகிற கிளிப் இருக்கிறதா என்று கேட்டேன். உலகத்திலேயே இல்லை என்றார். ஆகவே அண்ணருக்குப் பைபர்க் கிட்டார்தான்.

"அது போர்டு எல்லோ மாஸ்டர். நான் வாசலிலை என்னத்தைத் தூக்குறது?"

"எழுத்தை அழிக்கமாட்டன் நானா. அப்பிடியே மேடைக்குக் கொண்டு போறன்."

அவர் யோசித்தார். வாசலில் தொங்கினால் அந்தத் தெரு மட்டும் பார்க்கும். "சரி, சனத்துக்கு முன்பக்கம் தெரியிற மாதிரிப் பிடியுங்கோ" என்றார். கிட்டாரை வேறு எப்படியும் பிடிக்க முடியாது என்பதை நான் சொல்லவில்லை.

6. பேசாலை

சனிக்கிழமை தேன்நிறக் கிட்டார் தன் வேலையைப் பிழையில்லாமல் செய்தது. கலியாணத்துக்கு வந்திருந்த கனடாத் தமையன் பிளக்கைக் கண்ணால் கண்டு தலையாட்டினார்.

பெண்ணை அனுப்பும் நேரம் அல்போன்ஸ் அண்ணர் மேடைக்கு ஏறினார். நான் பைபர்க் கிட்டாரைத் தூக்கியதும் முன்வரிசை எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கியது. "மணிக்கூடு திருத்தப்படுமாம்" என்று ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தவருக்கு விளக்கினார். அண்ணர் பாடத் தொடங்கினார். வாசிப்புச் சத்தம் நின்றது. கிட்டார் கடைசிக் கதிரைவரை கேட்டது. பெண் தாயின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அண்ணர் ஒருதரமும் இருமவில்லை.

பாட்டு முடிய அவர் என் பக்கம் திரும்பிச் சொன்னது இவ்வளவுதான்: "மணிக்கூட்டுத் தகடு எண்டாலும் சுருதி பிடிக்குது."

இன்றைக்கு மேடையில் வாசிக்கும் பிள்ளைகள் என்னிடம் கேட்பார்கள், இருக்கிறதையெல்லாம் கொடுத்து ஒரு நல்லது வாங்கலாமா என்று. வாங்கலாம். ஆனால் முதலில் உங்களிடம் இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, இது யாருடைய குரலைத் தாங்கி நிற்கிறது என்று பாருங்கள். கடையில் போய் எது வேண்டும் என்று சொல்லுமுன், என்னத்துக்கு என்று சொல்லுங்கள். மிச்சக் கோட்களை நான் அந்தக் கலியாணத்துக்குப் பிறகுதான் பழகினேன். இப்போது ஒரே கிட்டாரில் மூன்று பேருக்கும் வாசிக்கத் தெரியும். அண்ணருக்கு மட்டும் இன்னும் பெட்டியை மாற்றுகிறேன்.

கனடாவில் அந்தத் தமையன் வீட்டு வரவேற்பறையில் கலியாணப் படம் பெரிதாக்கி மாட்டியிருக்கிறதாம். நடுவில் மணமக்கள். ஓரத்தில் அல்போன்ஸ் அண்ணர் வாயைத் திறந்தபடி. அவருக்குப் பக்கத்தில் நானாவின் போர்டு, எழுத்து ஒன்றும் மறையாமல்.