நூல் அறுந்த இடம்

மெஷினில் குயில்ட் தைக்கப் பழகி இன்றோடு ஒன்பது நாள். இரண்டு துணிக்கு நடுவே பஞ்சை வைத்து, ஒரு கோடு இன்னொன்றை வெட்டாமல், கை போன போக்கில் தையலை வளைத்து வளைத்து ஓட்ட வேண்டும். நேற்று ஓட்டியபோது ஓரிடத்தில் நூல் அறுந்துவிட்டது.

இன்று அந்தத் துணியைக் கண்டிக்குக் கொண்டுபோய் நூல் கடைக்காரரிடம் காட்டினேன்.

"ஊசி மழுங்கிருச்சு, மாத்துங்க" என்றார். புது ஊசி வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்ப வத்தேகம பஸ்ஸில் ஏறினேன்.

பக்கத்து சீட்டில் இருந்த ஒரு அக்கா என் மடியிலிருந்த துணியையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு தையல் மேல் விரலை வைத்து மெதுவாக நகர்த்தினார்.

"எங்க தேயிலத் தோட்டத்து ரோட்ட ஏன் தச்சிருக்கீங்க?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"இது கொழுந்து நிறுக்கிற எடம். இது கோயில் வளைவு."

நூல் அறுந்த இடத்தில் விரல் நின்றது.

"இங்கதான் மண்ணு சரிஞ்சது. இதுக்கு அங்கிட்டு எங்க லயத்து வீடு இருந்துச்சு."

எந்தத் தோட்டம் என்று கேட்டேன். நான் கேள்விப்பட்டே இராத பெயரைச் சொன்னார்.

இறங்கும்போது, "எங்க வீடு வரைக்குமாவது தச்சிருங்க தங்கச்சி" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் புது ஊசியைப் போட்டு உட்கார்ந்தேன். விட்ட இடத்திலிருந்து மூன்று தடவை தொடங்கினேன். மூன்று தடவையும் இரண்டு தையலுக்குள் நூல் அறுந்தது. அதே துணியின் மறு ஓரத்தில் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது.

தையல் தெரிந்தவர்கள் ஏதாவது சொல்லுங்கள்.

ஊசியை மாற்றச் சொல்ல மட்டும் யாரும் வராதீர்கள்.