காப்புக் கயிறும் கடைசல் மெஷினும்

வாசலூர்பட்டியில் மரம் கடையும் பட்டறையில் சேர்ந்த புதிதில், கோயில் திருவிழாவுக்குக் கையில் காப்புக் கட்டிக்கொண்டேன். மறுநாள் மெஷினைப் போட்டு உளியை எடுத்ததும் பட்டறைக்கார அம்மா ஓடிவந்து சுவிட்சை அணைத்தார்.

“ஏனுங்க, கயிறு தொங்குது பாருங்க. சுத்தற கட்டையில சிக்குனா கையையும் சேத்து இழுத்துக்கும்.”

“திருவிழா முடியாம அவுக்கக் கூடாதுங்களே.”

“அவுக்கச் சொல்லலீங்க. அது வரைக்கும் மெஷினைத் தொடாதீங்க.”

வேலை போய்விட்டது என்று துணிமணியை மூட்டை கட்டினேன். இதைவிடச் சின்னக் காரணத்துக்கெல்லாம் பல ஊர்களில் என்னை வேலையைவிட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

“எங்க கெளம்பீட்டீங்க? கட்டைக்குப் பட்டை உரிக்க சாமியா எறங்கி வரும்?” என்று அதட்டினார்.

திருவிழா முடியும்வரை இளவெயிலில் உட்கார்ந்து பட்டை உரித்தேன். அவரே மெஷினை ஓட்டினார். மதியம் சாமைச்சோறு போட்டார். காப்பை அவிழ்த்த பிறகும் எனக்கு அங்கிருந்து கிளம்பத் தோன்றவில்லை.