டால்ட்டியின் மெட்டு

மோஸி டால்ட்டி என்னிஸ் ஊருக்கும் கில்ரஷ் ஊருக்கும் இடையே பேருந்து ஓட்டினான். சனிக்கிழமைகளில் ஆட்டக் கூடத்தில் வாசிக்கும் எங்கள் ஆறு பேர் குழுவுக்குத் தலைவனாக நின்று புல்லாங்குழல் ஊதினான். பதினேழு வருடம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து நான் அக்கார்டியன் வாசித்திருக்கிறேன். அவன் பொய் பேசுகிற ஆளில்லை. பேருந்தில் யாராவது விட்டுப்போன குடையைக்கூட வீடு தேடிக் கொண்டுபோய்க் கொடுப்பான்.

அவன் பெயரில் வழங்கும் அந்த மெட்டு பிரைடி லூனியுடையது. பக்கத்து ஊரில் கோழி வளர்த்துக்கொண்டு தனியாக இருந்தவள். மோஸிக்குப் பத்து வயது மூத்தவள். பேருந்து பழுதாகி நின்ற ஒரு மழை நாளில் மோஸி அவள் வீட்டில் ஒதுங்கினான். தேநீர் கொடுத்துவிட்டு, தன் அண்ணன் லண்டனில் இறந்த வாரம் தானே கட்டிய மெட்டு என்று சொல்லி, கான்சர்ட்டினா என்ற சிறிய கைத்துருத்திப் பெட்டியில் அதை வாசித்துக் காட்டினாள். மோஸி அதை மனதில் ஏற்றிக்கொண்டு வந்து எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தான். ஆடுகிறவர்களுக்காக வேகம் கூட்டினோம். கூடமே அதிர்ந்தது.

அடுத்த வருடம் வானொலிக்காரர் ஒருவர் வந்து பதிவுசெய்தார். இது யார் கட்டியது என்று கேட்டார். "நான்தான்" என்றான் மோஸி. எங்களுக்குத் தெரியும். ஐந்து பேரும் அவனைப் பார்த்தோமே தவிர ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும்தான்.

அதன்பிறகு பிரைடி ஆட்டக் கூடத்துக்கு வரவில்லை. சந்தை நாளில் அவன் பேருந்தில் ஏறுவாள், மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவாள், போய் உட்காருவாள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று மோஸி திரும்பும்போது அடுத்த ஆள் ஏறியிருப்பான். இப்படியே ஒன்பது வருடம் போயிற்று.

எங்கள் இசைத்தட்டு வந்தபோது அந்த மெட்டின் கீழே அவன் பெயர் அச்சாகியிருந்தது. அதை எடுத்துக்கொண்டு நேராக அவள் வீட்டுக்குப் போனான். போனதை அவனே பிறகு என்னிடம் சொன்னான்.

"பிரைடி, இது உங்க மெட்டு. நான் திருடிட்டேன்."

அவள் கோழிக்குத் தீனி போடுவதை நிறுத்தவில்லை. "தெரியும் மோஸி. எங்க வீட்லயும் ரேடியோ இருக்கு."

"ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"நீயா சொல்லுவேன்னு பாத்தேன். உன் பஸ்லதானே வந்துட்டிருக்கேன்." இன்னொரு பிடி தீனியை இறைத்துவிட்டு, "எடுத்துட்டுப் போனதுகூடப் போகட்டும். அது அழுகைடா. அதுக்குப் போய் ஊரையே ஆட விட்டுட்டீங்களே" என்றாள்.

இன்னொரு தடவை வாசித்துக் காட்டச் சொல்லிக் கெஞ்சினான். விரல் மடங்குவதில்லை என்று கையை நீட்டிக் காட்டினாள்.

அதற்குப் பின் ஒவ்வொரு கூட்டத்திலும் அது பிரைடியுடையது என்று அறிவித்தான். தன்னடக்கம் என்று நினைத்து ஜனங்கள் கைதட்டினார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் குடியேறியிருந்த பாஸ்டனிலும் கிளாஸ்கோவிலும் அது அதற்குள் 'டால்ட்டியின் மெட்டு' ஆகிவிட்டிருந்தது. பெயரைத் திருத்தச் சொல்லி அவன் வானொலிக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் இல்லை.

பிரைடி இறந்த மாதத்திலிருந்து அவன் அதை வாசிப்பதில்லை. யாராவது கேட்டால் நாங்கள் ஐந்து பேர் வாசிப்போம். மோஸி குழலை மடியில் வைத்துக்கொண்டு, ஆடுகிறவர்களின் கால்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான்.