சாம்பாருக்கு இரண்டு செக்ரட்டரி

மெஸ் நடத்துகிறவனுக்கு இரண்டே வகை நாள்தான்: சோறு போதாத நாள், சோறு மிஞ்சிய நாள். அளவாக இருந்த நாள் என்று ஒன்றை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை. ஹாஸ்டல், ஆஸ்பத்திரி கேன்டீன், கல்யாண மண்டபம் என்று எங்கேயாவது கரண்டி பிடித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. படித்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டால் போதும்.

அடுகோடி தாண்டி, ஓசூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு பயிற்சி நிலையம் இருந்தது. வெளிநாட்டு அரசாங்க ஊழியர்கள் வந்து சில மாதம் தங்கி, கணக்கும் நிர்வாகமும் படித்துவிட்டுப் போவார்கள். அதன் விடுதி மெஸ்ஸுக்கு நான் சூப்பர்வைசர். பள்ளிக்கூடம் எட்டாவதோடு நின்றவன். இங்கிலீஷ் பழைய பேப்பரைப் படித்துப் படித்து வந்தது. மனைவி போன பிறகு மூன்று வேளையும் அந்த மெஸ்ஸிலேயே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

தொண்ணூற்றேழில் கம்போடியாவிலிருந்து ஒரு குழு வந்தது. பாதிப்பேர் நாற்பதைத் தாண்டியவர்கள். இருபது வருஷத்துக்கு முன் அந்த நாட்டில் லட்சக்கணக்கில் ஜனங்களைக் கொன்றதை நானும் பேப்பரில் படித்திருந்தேன். படித்ததற்கும் நான் பரிமாறுவதற்கும் சம்பந்தம் இருக்கும் என்றுதான் தோன்றவில்லை.

மணி அடித்தால் ஓடுகிறவர்கள்

எங்கள் மெஸ் வாசலில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். அதில் இரும்புக் கம்பியால் நாலு தட்டு தட்டினால் சாப்பாடு தயார் என்று அர்த்தம். எல்லோரும் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். குக் முனிரத்தினம் அண்டாவுக்குப் பின்னால் கரண்டியோடு நிற்பான்.

முதல் நாள் மத்தியானம் மணி அடித்தேன். இளவட்டங்கள் சிரித்துக்கொண்டே வந்தார்கள். பெரியவர்கள் வாசல்வரை வந்தார்கள். தண்டவாளத்தைப் பார்த்தார்கள், வரிசையைப் பார்த்தார்கள், கரண்டியைப் பார்த்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, வந்த வழியே மாடிக்குப் போய்விட்டார்கள். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் முனிரத்தினத்தால் பொறுக்க முடியவில்லை. "இன்னா சார் இது, என் சாம்பாரப் பாத்து ஓடறாங்களா? நான் இன்னும் மூடியே தொறக்கலியே!"

ஃபியூஸ் போன விடுதி

அப்படியானால் அவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்பீர்கள். தினமும் சாயந்தரம் விடுதியில் ஃபியூஸ் போயிற்று. கூடவே மாடியிலிருந்து கருவாட்டு வாசனையும் இறங்கி வந்தது. வார்டன் ராவ் இரண்டையும் சேர்த்துப் பார்த்து விஷயத்தைக் கண்டுபிடித்தார்.

ராவ் என்னிடம் பேசுவது தமிழும் கன்னடமும் கலந்த பாஷை. "நோடி, கமிட்டில கேக்கறாங்க. மெஸ்ல சாப்பிட ஆளில்லேன்னா மெஸ் எதுக்கு? ஜூலை முடியறதுக்குள்ள இவங்க எல்லாரும் கீழ வந்து உக்காந்து சாப்பிடணும். இல்லேன்னா ஆகஸ்ட்லேர்ந்து கான்ட்ராக்ட்காரன். நீங்க, முனிரத்தினம் எல்லாம் மனேக்குப் போகலாம்." நோடி என்றால் பாருங்கள், மனே என்றால் வீடு. எனக்குப் போக ஒரு வீடு இருந்தது, அதில் காத்திருக்கத்தான் யாருமில்லை. முனிரத்தினத்துக்கோ வீட்டில் இரண்டு பெண்கள், இரண்டும் ஹைஸ்கூல்.

அன்றே ராவும் நானும் மாடிக்குப் போனோம். பெரியவர்கள் இருந்த அறைதோறும் சிவாஜிநகரில் வாங்கிய ஒரு கரண்ட் அடுப்பு, அதன்மேல் ஒரு சின்ன அலுமினியச் சட்டி. இரண்டுபேர் இருந்த அறையில் இரண்டு சட்டி. சொபியாப் என்ற அம்மாள் அறையில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. அவர்கள் நாட்டில் அவர் கல்வி இலாகாவில் இருந்தார். இங்கிலீஷ் நன்றாக வரும். ராவ் விதியை எடுத்துச் சொல்லி, இவற்றைப் பறிமுதல் செய்ய வேண்டியிருக்கும் என்றார். அந்த அம்மாள் துணியால் பிடித்துச் சட்டியை இறக்கி, மடியோடு அணைத்துக்கொண்டு சொன்னார்: "அடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சட்டி என்னுடையது."

சாப்பிட்டாச்சா?

அவர்கள் நாட்டிலும் நம்மைப் போலத்தான். ஒருவரையொருவர் பார்த்தால் முதல் கேள்வி "சோறு சாப்பிட்டாயா?" தோட்டக்காரரிடம் அதற்குத் தமிழ் கேட்டுக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். நான் சமைக்கவைத்த சோற்றைத் தொடாமல், ராவ் பறிக்காமல் விட்ட அடுப்பிலேயே யாரெல்லாம் பொங்கிக்கொண்டார்களோ, அவர்கள் எல்லோரும் காலையிலிருந்து ராத்திரிவரை மாடிப்படியிலும் வராந்தாவிலும் என்னை நிறுத்தி "சாப்டாச்சா? சாப்டாச்சா?" என்று கேட்டார்கள். மெஸ்காரர்களே, இந்தக் கொடுமை உங்களுக்கு நடந்திருக்கிறதா?

ஒருநாள் சொபியாப் அம்மாள் கேட்டபோது, ஆச்சு, மெஸ்ஸில்தான் என்றேன். நேற்று? மெஸ்ஸில்தான். அதற்கு முன்னால்? மனைவி இறந்ததிலிருந்து மெஸ்ஸில்தான் என்றேன். அவர் என்னை ஒரு நிமிஷம் இரக்கத்தோடு பார்த்தார். "யாரும் கட்டாயப்படுத்தாமலா?"

முன்பு பார்த்த வேலை

கோசல் என்பவர் அவர்களில் மூத்தவர். ஒரு மாகாணத்துக்கே தலைமைக் கணக்கர். எண்ணும்போது மட்டும் கட்டைவிரலை நாக்கில் தொட்டுக்கொள்வார். முன்பு என்ன வேலை என்று ராவ் கேட்டார். பஸ் கண்டக்டர் என்றார் கோசல். கொலைகாரர்களின் ஆட்சி விழுந்தபோது கணக்கர் என்று யாருமே மிச்சமில்லையாம். ஒரு அதிகாரி கூட்டத்தைப் பார்த்து, யாருக்கு எண்ணத் தெரியும் என்று கேட்டாராம். இவர் கையைத் தூக்கினாராம். அன்றிலிருந்து தலைமைக் கணக்கர். கணக்குப் படிக்க இப்போதுதான் அனுப்பியிருக்கிறார்கள்.

"எங்கள் நாட்டில் உயிரோடு இருந்ததுதான் தகுதி" என்று கோசல் சிரித்தார். ராவ் சிரிக்கவில்லை. வெளியே வந்து என்னிடம் சொன்னார்: "நானும் இந்த ஆபீஸ்ல இத்தனை வருஷமா உயிரோடதான்ரீ இருக்கேன். ஒரு புரமோஷன் வந்துச்சா?"

முதலாம் செக்ரட்டரி, இரண்டாம் செக்ரட்டரி

பெரியவர்களைக் கீழே வரவழைக்க நான் கண்டுபிடித்த முதல் வழி தேர்தல். ஒவ்வொரு குழுவும் தங்களுக்குள் ஒரு மெஸ் செக்ரட்டரியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். மெனு அவர் பொறுப்பு. இவர்கள் மாடியில் வெகுநேரம் கூடிப் பேசிவிட்டு, இரண்டு பேரை அனுப்பினார்கள். கோசலும், வுத்தி என்ற முப்பது வயசுப் பையனும். இரண்டு பேர் எதற்கு என்றேன். எங்கள் நாட்டுக்கே இரண்டு பிரதமர்தானே என்றார்கள். விளையாட்டுக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். பேப்பரைப் பார்த்தால் நிஜம். தேர்தலில் ஜெயித்தவர் முதலாம் பிரதமர். தோற்றும் நாற்காலியை விடாதவர் இரண்டாம் பிரதமர். வுத்தி முதலாமவர் கட்சி, கோசல் இரண்டாமவர் கட்சி. அதே வரிசையில் வுத்தி முதலாம் செக்ரட்டரி, கோசல் இரண்டாம் செக்ரட்டரி.

முதலாமவர் வந்து சாம்பாரில் புளியைக் கூட்டச் சொல்வார். அவர் போனதும் இரண்டாமவர் வந்து சர்க்கரை போடச் சொல்வார். ஒருவர் முட்டை என்றால் மற்றவர் மீன். இருவரும் ஒத்துப்போன ஒரே பதார்த்தம் ரசம். அதையும் ஒருவர் டம்ளரில் கேட்டார், ஒருவர் கிண்ணத்தில். இத்தனைக்கும் கோசல் வந்து உத்தரவு போட்டாரே தவிர, ஒரு பருக்கையும் மெஸ்ஸில் சாப்பிடவில்லை. முனிரத்தினம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டான். "நாட்டுக்கு ரெண்டு பிரதமர் தாங்குதோ இன்னாவோ, என் சாம்பாருக்கு ரெண்டு செக்ரட்டரி தாங்காது சார்."

கஞ்சி

ஜூன் மழையில் தண்ணீர் மாறி, பாதிப்பேருக்கு வயிறு கெட்டது. வயிறு கெட்டால் நமக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதானே? முனிரத்தினத்தைக் கஞ்சி வைக்கச் சொன்னேன், தொட்டுக்கொள்ள எலுமிச்சை ஊறுகாய். இதுதான் சமயம் என்று நானே மாடிக்குப் போய் ஒவ்வொரு கதவாகத் தட்டி, இன்று உங்கள் உடம்புக்காகவே சமைத்திருக்கிறோம், கட்டாயம் வரவேண்டும் என்று அழைத்தேன். மரியாதைக்காரர்கள், நேரில் அழைத்ததால் மறுக்கவில்லை. மணி அடித்தேன். முதல் தடவையாகப் பெரியவர்களும் வரிசையில் நின்றார்கள். மெஸ் பிழைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

முனிரத்தினம் ஆளுக்கு ஒரு கரண்டி ஊற்றினான். கரண்டி அண்டாவில் இடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. கோசல் தட்டை வாங்கினார், மேஜையில் வைத்தார், வெளியே போனார். மற்றவர்களும் ஒவ்வொருவராக வைத்துவிட்டுப் போனார்கள். சொபியாப் அம்மாள் மட்டும் உட்கார்ந்து கடைசிச் சொட்டுவரை குடித்தார். குடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டு எதிரே உட்காரச் சொன்னார்.

அந்த ஆட்சியில் யாரும் வீட்டில் சமைக்கக் கூடாது. சட்டிகளை எல்லாம் பிடுங்கிக்கொண்டார்கள். ஊருக்கு ஒரே கூடம். இரும்பைத் தட்டுவார்கள், தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும், ஆளுக்கு ஒரு கரண்டி. "தண்ணீருக்குள் அரிசியைத் தேட வேண்டும். மூக்குக்கண்ணாடி இருந்தால் தேடுவது சுலபம். ஆனால் கண்ணாடி போட்டவர்களைப் படித்தவர்கள் என்று முதலிலேயே கொன்றுவிட்டார்கள்" என்றார். அவருடைய கணவர் கண்ணாடி போட்டவர். ஊறுகாய்க் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து போகும்போது அவர்தான் என்னைத் தேற்றினார். "ஆனால் உங்கள் கஞ்சி நல்ல கஞ்சி. அவர்களுடையதைவிட எவ்வளவோ கெட்டி."

லைன் கிடைக்கவில்லை

ஜூலை பிறந்த சில நாளில் அவர்கள் தலைநகரில் இரண்டு பிரதமர்களின் ஆட்களுக்கும் பீரங்கிச் சண்டை மூண்டது. இரண்டாமவர் ஜெயித்தார். முதலாமவர் நாட்டிலேயே இல்லை என்று ரேடியோ சொன்னது. வுத்தியின் மனைவியும் குழந்தையும் அந்த ஊரில்தான். ஓசூர் ரோட்டு ஐ.எஸ்.டி. பூத்தில் போய் உட்கார்ந்தான். "லைன் போக மாட்டேங்குது சார்" என்று பூத்காரர் சொல்லச் சொல்ல, நகராமல் உட்கார்ந்திருந்தான். கோசல் அவனுக்குத் துணைக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். என் கட்சி தோற்றுவிட்டது, மெஸ் செக்ரட்டரி வேலையை ராஜினாமா செய்கிறேன் என்றான் வுத்தி. நீ போய்விட்டால் நான் யாரோடு சண்டை போடுவது, உட்கார் என்றார் கோசல்.

மூன்றாம் நாள் நானும் போயிருந்தபோது லைன் கிடைத்தது. வுத்தி பாய்ந்து எடுத்தான். அவர்கள் பாஷையில் ஏதோ கேட்டான், ஏதோ சொன்னான், உடனே கட்டாகிவிட்டது. என்னப்பா, நன்றாக இருக்கிறார்களா என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். "இருக்கிறார்கள். 'சோறு சாப்பிட்டாயா' என்று கேட்டாள். 'சாம்பார்' என்றேன். அதற்குள் கட்டாகிவிட்டது."

சட்டிகள் கீழே இறங்கின

மறுநாள் தண்டவாளத்தைக் கழற்றி ஸ்டோர் ரூமில் போட்டேன். அண்டாக் கரண்டியையும் அங்கேயே போட்டேன். பிறகு மாடிக்குப் போய், உங்கள் சட்டியை நீங்களே கொண்டுவந்து என் அடுப்பில் வையுங்கள், மூட்டையிலிருந்து வேண்டுமட்டும் அரிசி எடுங்கள், பசிக்கும்போது வாருங்கள் என்று சொன்னேன். சொபியாப் அம்மாள் முதலில் வந்தார். அப்புறம் கோசல். அப்புறம் வரிசையில்லாமல் எல்லோரும். முனிரத்தினத்துக்கு ஒரு வாரம் என்னோடு பேச்சில்லை. "இது கிச்சனா, பாத்திரக்கடையா சார்?" என்று ஒரே ஒரு தடவை கேட்டான். பிறகு ஆளாளுக்கு அவனிடம் ரசம் கேட்கவும், மீன் பொரிக்கக் கூப்பிடவும் ஆரம்பித்தார்கள். ஒரு சட்டியைத் திறந்து உப்புப் பார்த்தான், கோபம் தணிந்தது.

ஜூலை கடைசி நாள் ராவ் வந்து வாசலில் நின்றார். கூடம் நிறைந்திருந்தது. மேஜைக்கு நாலு சட்டி, ஒருவர் சட்டியிலிருந்து அடுத்தவருக்கு அள்ளி வைத்துக்கொண்டும், வேண்டாம் என்று தடுத்துக்கொண்டும் ஒரே இரைச்சல். முனிரத்தினம் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றான். அவன் சமைக்காத சோற்றைத்தான் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ராவுக்கு அது ஒரு பார்வையிலேயே தெரிந்துவிட்டது. என்னை வெளியே கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "மெஸ்ல சாப்பிடறாங்களான்னு மட்டும்தான் கமிட்டி கேட்டுது. யாரு சமைக்கிறாங்கன்னு கேக்கல. கேட்டா, அன்னிக்கு நீங்க லீவு."

கமிட்டி கேட்கவே இல்லை, கான்ட்ராக்ட்காரனும் வரவில்லை. ஆனால் தினமும் ஒரு அண்டாவைக் கழுவிய இடத்தில் ஒரு குவியல் சட்டிகளைத் தேய்த்தபோதுதான், மனுஷனுக்குச் சுதந்திரம் கொடுத்தால் பாத்திரம் கழுவுகிற வேலை எவ்வளவு கூடும் என்பது எனக்கும் முனிரத்தினத்துக்கும் புரிந்தது.